ஒரிஜினல்காரர்

கர்நாடகத்தின் மார்டள்ளியில் எதையாவது தார்ப்பாய் போட்டு மூடி வைத்தால், உள்ளே இருப்பது ராகியா மக்காச்சோளமா என்று ஊர் கேட்கும். ஒரிஜினல்காரர் வீட்டுக் கொட்டகையில் இருக்கும் தார்ப்பாயைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டால் அவர் சொல்லிவிடுவார். சொல்லி முடிப்பதற்குள் இருட்டிவிடும்.

உள்ளே இருப்பது ஸ்டாண்டர்ட் 2000. ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி 1985-இல் மெட்ராஸில் இறக்கிய சொகுசுக் கார். மைசூரில் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர், பி.எஃப். பணத்தில் ஒரு பகுதியை எடுத்து அதை வாங்கினார். பிறகு மிச்சப் பகுதியையும் அதற்கே எடுத்தார். வண்டி ஊருக்குள் ஓடி வரவில்லை, லாரியில் வந்தது. ‘லாரியில வந்துச்சு’ என்று அவர் சொல்லும்போது கப்பலில் வந்த பெருமை தெரியும்.

இப்படி ஒருவர் வட்டாரத்துக்கு ஒருவராவது இருக்கிறார். கோவையில் கான்டெஸா, பெங்களூரில் பென்ஸ் என்று வண்டி மாறுமே தவிர ஆள் மாறமாட்டார். ஆனால் யாழ்ப்பாணத்துக்காரர்களை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. போர்க்காலத் தடையில் பெட்ரோல் கிடைக்காதபோது ஆஸ்டின் கேம்பிரிட்ஜையும் மொரிஸ் மைனரையும் மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் அவர்கள். ஸ்டார்ட் ஆக மட்டும் கொஞ்சம் பெட்ரோல், அதற்குப் பிறகு புகைதான். அவர்களுக்குப் போக வேண்டிய இடம் இருந்தது. நம் ஆளுக்குப் போக வேண்டிய இடம் எதுவும் இல்லை. மளிகைக் கடைக்கு ஸ்கூட்டர் இருக்கிறது, கொள்ளேகாலுக்கு பஸ் இருக்கிறது.

அவரை அடையாளம் காண்பது சுலபம். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு போல்ட் இருக்கும். கல்யாணப் பந்தியிலும் இருக்கும், துக்க வீட்டிலும் இருக்கும். எதிரில் இருப்பவர் லாரி வைத்திருப்பவர் என்று தெரிந்தால் போதும், கையை நீட்டி, “இந்த மரையைக் கொஞ்சம் பாருங்க” என்பார். அது அங்குல அளவு போல்ட். அதற்கு 7/16 ஸ்பானர் வேண்டும். 11 எம்.எம். ஸ்பானர் ஏறாது, 12 வழுக்கும். ஊரில் எல்லார் வீட்டிலும் இருப்பது எம்.எம். ஸ்பானர். அந்த ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில்தான் அவருடைய ஓய்வுக்காலம் கழிகிறது.

காரின் பூர்வீகத்தை அவரே சொல்வார். இங்கிலாந்தின் ரோவர் கம்பெனி 1976-இல் எஸ்.டி. 1 என்ற காரை வெளியிட்டது. டேவிட் பேச் என்ற வடிவமைப்பாளர் ஃபெராரி டேடோனாவின் மூக்கை மனதில் வைத்து அதன் முகத்தை வரைந்தார். 1977-இல் ஐரோப்பாவின் ‘ஆண்டின் சிறந்த கார்’ விருது அதற்குக் கிடைத்தது. உள்ளே மூன்றரை லிட்டர் வி-8 எஞ்சின். 1984-இல் பிரிட்டனின் சலூன் கார் பந்தயத்தில் ஆண்டி ரவுஸ் பட்டம் வென்றதும் இந்த ரகத்தில்தான். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் தார்ப்பாயை ஒரு முனையில் தூக்கிக் காட்டுவார். தாழ்ந்த மூக்கும் சாய்ந்த பின்கண்ணாடியும் தெரியும். இறங்கின டயர்களும் தெரியும்.

எஞ்சின் கதைக்கு வந்தால் மட்டும் குரல் கொஞ்சம் தாழும். வி-8 எஞ்சின் மெட்ராஸுக்கு வரவில்லை. கம்பெனி தன்னிடம் ஏற்கெனவே இருந்த 1991 சி.சி. நாலு சிலிண்டர் எஞ்சினையே உள்ளே வைத்தது. அது 1940-களின் ஸ்டாண்டர்ட் வான்கார்ட் வம்சம். அதே வம்சத்து எஞ்சின்தான் இங்கிலாந்தில் ஃபெர்குசன் டிராக்டரிலும் இருந்தது. நம் ரோட்டுக்கு ஏற்றபடி வண்டியின் உயரத்தையும் தூக்கிவிட்டார்கள். மேலே ஃபெராரி சாடை, நடுவில் ரோவர் சட்டை, உள்ளே டிராக்டரின் ஒன்றுவிட்ட தம்பி.

“டிராக்டர்னு சொல்லாதீங்க” என்பார் அவர். “அதே எஞ்சின்தான் டிரையம்ஃப் டி.ஆர். 2 ஸ்போர்ட்ஸ் காருக்கும். 1953-இல பெல்ஜியத்துல ஜாபெக் ரோட்டுல மணிக்கு 124 மைல் போயிருக்கு.” சொல்வது அத்தனையும் உண்மை. ஒரே குடும்பத்தில் ஒருவன் வயலுக்கும் ஒருவன் பந்தயத்துக்கும் போனான். இவருடைய வண்டிக்கு வந்தது எவனுடைய குணம் என்பதில்தான் வழக்கு. விலை அதிகம், மைலேஜ் கம்மி. 1983 டிசம்பரிலேயே மாருதி 800 வந்துவிட்டது. 1988 வாக்கில் ஸ்டாண்டர்ட் 2000-இன் கதை முடிந்தது. பெருங்களத்தூரில் கம்பெனி இருந்த நிலத்தில் இன்று ஐ.டி. வளாகம் நிற்கிறது. மருமகன் அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறான் என்று தெரிந்ததும் ஒரிஜினல்காரர் போன் செய்தார். “அங்க எங்கயாச்சும் மண்ணுக்குள்ள பழைய பார்ட்ஸ் கெடக்குதான்னு பாருப்பா.” மருமகன் அதற்குப் பிறகு அவருடைய போனை மகளிடம் கொடுத்துவிடுகிறான்.

இப்படிப் பல ஊர்த் துணியில் தைத்த சட்டைக்குத்தான் அவர் ‘ஒரிஜினல்’ கேட்கிறார்.

கொள்ளேகால் மெக்கானிக், பாவம், நல்ல மனுஷன். தமிழ், கன்னடம் இரண்டிலும் பொறுமையாகப் பேசுவார். “சார், அம்பாசிடர் மவுண்டிங் போட்டுக்கலாம், லேசா ராவினா உக்காந்துரும்” என்பார். ஒரிஜினல்காரர் நெஞ்சில் கை வைத்துக்கொள்வார். “அம்பாசிடரா? ரோவர்லயா?” மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டு, “எஞ்சினே ரோவர் இல்லைங்களே சார்” என்பார். இந்த வாக்கியத்துக்குப் பிறகு இரண்டு வாரம் பேச்சுவார்த்தை இருக்காது.

எஞ்சினைப் பிரித்த கதையைச் சொல்லியே ஆக வேண்டும். இந்த எஞ்சினில் சிலிண்டர் லைனர்கள் தனியாகக் கழற்றக்கூடியவை. அவற்றைச் சுற்றித் தண்ணீர் நேராக ஓடும். அடியில் எட்டு வடிவத்தில் ஒரு கேஸ்கெட், இரண்டு லைனருக்கு ஒன்று. மேலே பிளாக் மட்டத்தைவிட லைனர் ஒரு மயிரளவு, கணக்குப்படி மூன்று முதல் ஐந்து தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு தவ்), தூக்கி நிற்க வேண்டும். அப்போதுதான் ஹெட்டை முறுக்கும்போது இறுகி உட்காரும். ஹெட்டைக் கழற்றினால் லைனர்களைக் கிளாம்ப் போட்டுப் பிடித்துக்கொண்டுதான் கிராங்கைச் சுற்றலாம். இல்லாவிட்டால் லைனர் அசையும், அடிக் கேஸ்கெட் விட்டுவிடும். ஒரிஜினல்காரருக்கு இது அத்தனையும் தெரியும். அடிக்கோடு போட்டுப் படித்திருக்கிறார். ஹெட்டைக் கழற்றிய அன்று பக்கத்து வீட்டுப் பையன் வந்து, “தாத்தா, இது சுத்துமா?” என்று கேட்டான். சுத்தும் என்று சுற்றிக் காட்டினார்.

எல்லாம் பூட்டித் தண்ணீர் ஊற்றி, எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, மறுநாள் டிப்ஸ்டிக்கை உருவினால் ஆயில் மோர் மாதிரி இருந்தது. மெக்கானிக் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ரிங் ஸ்பானரை எடுத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

கார்புரேட்டரைக் கழற்றியபோது ஜெட், ஊசி, ஸ்பிரிங், குட்டி வாஷர் எதுவும் கலந்துவிடக் கூடாது என்று இட்லித் தட்டின் குழிகளில் ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தி வைத்தார். யோசித்துப் பார்த்தால் இதைவிடத் தோதான பாத்திரம் எந்தப் பட்டறையிலும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்த வீட்டம்மா அடுக்களைக்குள் நுழைந்து பார்த்தார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “என்னங்க, இது வேகறதுக்கு எவ்வளவு நேரமாகும்?” என்றார். அன்று உப்புமா.

பங்குச்சாமியார் ஒருமுறை இந்தப் பக்கம் வந்தபோது காரை மந்திரித்துக் கொடுக்கச் சொன்னார்கள். புது வண்டி வாங்கினால் கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போய் மந்திரிப்பது ஊர் வழக்கம். இந்த வண்டிக்காகச் சாமியார்தான் கொட்டகைக்கு வந்தார். தீர்த்தம் தெளித்து முடித்ததும் ஒரிஜினல்காரர் பழைய துணியை எடுத்து அந்தத் துளிகளை அவசர அவசரமாகத் துடைத்தார். பிரைமர் அடித்த தகட்டில் ஈரம் நின்றால் துரு பிடிக்குமாம். சாமியார் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 2023-இல் ‘பயணா’ கார் மியூசியம் திறந்தார்கள். தர்மஸ்தலத்து வீரேந்திர ஹெக்டே சேர்த்து வைத்த வண்டிகள். குடும்பத்தோடு போனார்கள். பேரப்பிள்ளைகள் கார்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்க, தாத்தாவைக் காணோம். தேடினால் ஒரு வண்டிக்குப் பக்கத்தில் தரையில் குப்புறப் படுத்து, அடித்தட்டுக்கு என்ன பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும் வழியில் மைசூரில் ஒரு மெக்கானிக்கிடம் நிறுத்தச் சொன்னார். மைசூர் யாதவகிரியில் ஐடியல் ஜாவா கம்பெனி 1996-இல் மூடியது. அதற்குப் பிறகும் அந்த ஊரில் அவர்களுடைய யெஸ்டி பைக்கின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லும் கைகள் இருக்கின்றன. அந்த மெக்கானிக் போல்ட்டை வாங்கி உருட்டிப் பார்த்தார். “சாமி, யெஸ்டி இருந்தா கொண்டு வாங்க” என்று திருப்பிக் கொடுத்தார்.

பாகங்களுக்காக அவர் போகாத சந்தை இல்லை. சென்னைப் புதுப்பேட்டை, கோவை உக்கடம், பெங்களூர் ஜே.சி. ரோடு, சிவாஜிநகர் குஜிரி என்று பஸ்ஸிலேயே போய் வந்துவிடுவார். ஆனால் கடைசியில் சரியான சாமான் கிடைத்த இடம் இங்கிலாந்தின் லிங்கன். மெட்ராஸில் உற்பத்தி நின்றபோது மிஞ்சிய ரோவர் பாகங்களை ரிம்மர் பிரதர்ஸ் என்ற பிரிட்டிஷ் கடைக்காரர்கள் வாங்கிக் கப்பலேற்றிவிட்டார்கள். பெருங்களத்தூர்ப் பக்கம் கிடந்த சாமான் கடல் தாண்டிப் போய், பவுண்டில் விலை போட்டுக்கொண்டு, சுங்க வரி கட்டிவிட்டுத் திரும்பி வருகிறது. பார்சலைப் பிரித்த அன்று அவர் முகத்தில் இருந்த களையைப் பார்த்து வீட்டம்மாவுக்கே மனது இளகிவிட்டது. எவ்வளவு ஆச்சு என்று அவர் கேட்கவில்லை. கேட்காமலிருந்ததற்காக அவருக்குத்தான் ஒருமுறை மந்திரிக்க வேண்டும்.

அரசாங்கத்தோடு அவருக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. 2021-இல் மத்திய அரசு பழங்கால வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. 50 வயது தாண்டியிருக்க வேண்டும், கட்டணம் 20,000 ரூபாய், நம்பரில் ‘வி.ஏ.’ என்ற எழுத்து வரும். இவருடைய வண்டிக்கு அந்த வயது 2035-இல்தான் வரும். அதுவரை ஆர்.டி.ஓ. கண்ணில் அது வெறும் பழைய வண்டி. நம்பர் பலகையோ டி-யில் தொடங்கும் அந்தக் காலத்து மூன்றெழுத்து. தமிழ்நாட்டு என்.ஓ.சி., கர்நாடக வரி, சாமராஜநகரத்து கே.ஏ. 10 என்று ஒரு ஃபைல் தடித்துக்கொண்டே போகிறது. மார்டள்ளி இருக்கும் கொள்ளேகால் சீமையே 1956 வரை கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்ததுதானே, அப்படியே விட்டிருந்தால் இந்த என்.ஓ.சி.யே வேண்டியிருக்காதே என்பது அவருடைய வாதம். மொழிவாரி மாநிலப் பிரிவினையை ஆர்.சி. புத்தகத்தின் கோணத்திலிருந்து ஆராய்ந்தவர் அநேகமாக இவர் ஒருவர்தான்.

போன மாசிக்குப் பிறகு நிலைமை முற்றிவிட்டது. சேலத்தில் இன்னொரு ஸ்டாண்டர்ட் 2000 எடைக்குப் போகிறது என்று தகவல் வந்தது. கதவும் டேஷ்போர்டும் நன்றாக இருக்கிறதாம். அந்த டேஷ்போர்டே ஒரு தந்திரம். இடப்பக்க ஸ்டியரிங்கானாலும் வலப்பக்க ஸ்டியரிங்கானாலும் ஒரே அச்சு. பயணி பக்கம் காற்று வருகிற ஓட்டைதான் மறுபக்கத்தில் ஸ்டியரிங் தண்டு நுழைகிற ஓட்டை. இதை விளக்கி, அது எவ்வளவு அபூர்வம் என்று வீட்டம்மாவுக்குப் புரியவைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, லாரி பேசி ஏற்றினார். மேட்டூர், கொளத்தூர் வழியாக வந்து மாநில எல்லையில் பாலாற்றைத் தாண்டும் இடத்தில் போலீஸ்காரர்கள் வண்டியை நிறுத்தினார்கள்.

“என்னய்யா ஏத்திட்டு வர்ற?”

“ஸ்கிராப்பு சார்” என்றார் டிரைவர்.

முன்சீட்டிலிருந்து ஒரிஜினல்காரர் குதித்து இறங்கினார். “ஸ்கிராப் இல்லைங்க சார், பார்ட்ஸ் எடுக்கற டோனர் கார். 1986 மாடல். ரோவர் பாடி.”

காவலர் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். “காரா? சரி, ஆர்.சி. எடுங்க. இன்ஷூரன்ஸ், என்.ஓ.சி.?”

ஒன்றும் கிடையாது. கையில் இருந்தது எடைச் சீட்டும், பழைய இரும்பு என்று கடைக்காரர் போட்டுக் கொடுத்த பில்லும்தான். காவலர் இரண்டையும் புரட்டிப் பார்த்தார். “கார்னா வண்டிய ஓரங்கட்டுங்க. ஸ்கிராப்னா பில்லு சரியா இருக்கு, போலாம். எதுன்னு நீங்களே சொல்லிடுங்க.”

பின்னால் இரண்டு பஸ்கள் ஹாரன் அடித்தன. டிரைவர் கண்ணாலேயே கும்பிட்டார்.

“ஸ்கிராப்புதாங்க சார்” என்றார் ஒரிஜினல்காரர். லாரி நகர்ந்ததும், “அவருக்கு எங்கே தெரியப்போகுது” என்று ஆரம்பித்து, கதவுக் கீலைப் பற்றி டிரைவருக்கு விளக்கத் தொடங்கினார்.