தாலி பின்னே, மேளம் முன்னே!

கேள்வி: எங்கள் கல்யாண டிவிடியை எம்பி4 ஆக மாற்றிப் பென்டிரைவில் ஏற்றினால் முக்கால்வாசியில் நின்றுவிடுகிறது. ஓடுகிற பகுதியிலும் கெட்டிமேளம் முடிந்த பிறகுதான் தாலி ஏறுகிறது. என்ன செய்ய?
– ஒரு வாசகர், திருநாவலூர்

பதில்: முகூர்த்தம் தவறவில்லை, கவலை வேண்டாம்!

முதலில் பென்டிரைவைப் பாருங்கள். அது எஃப்ஏடி32 முறையில் இருந்தால் ஒரே கோப்பு 4 ஜிபியைத் தாண்ட விடாது. கணினியின் ஹார்ட் டிஸ்கிலேயே மாற்றி முடியுங்கள். பிறகு அளவைக் குறைத்தோ, இரண்டு பாகமாக்கியோ ஏற்றலாம். எக்ஸ்ஃபேட்டுக்கு ஃபார்மட் செய்தாலும் சரி, ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.

மேளம் முந்துவது வேறு கதை. டிவிடிக்குள் படம் ஏறத்தாழ 1 ஜிபி துண்டுகளாக, விஓபி கோப்புகளாக இருக்கும். அவற்றைத் தனித்தனியே மாற்றி ஒட்டினால் ஒட்டிய இடத்தில் ஒலி நழுவும். 'வீடியோ டிஎஸ்' ஃபோல்டர் முழுவதையும் கணினிக்கு நகலெடுத்து, ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் அந்த ஃபோல்டரையே திறங்கள். மாலை மாற்றும்போது கையோரம் சீப்புப் பல் போலக் கோடு தெரிந்தால், ஃபில்டர்ஸ் பக்கத்தில் டீஇன்டர்லேஸ் போடுங்கள். நகலெடுக்கவே திணறினால் தட்டில் கீறலோ அழுக்கோ இருக்கும். மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள்.

எம்பி4 வந்ததும் டிவிடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உங்கள் ஊர் சுந்தரர் தம் கல்யாணத்தில், 'நீ என் அடிமை' என்று ஓலையோடு வழக்காட வந்த கிழவரிடம் பறித்துக் கிழித்தது படியோலைதான். வழக்கை வென்றது அந்தக் கிழவர் பத்திரமாக வைத்திருந்த மூல ஓலை!