மாலை ஆறு மணிக்கு முன் குழந்தைகளுக்கு அனுமதி உண்டா?

பெறுநர்: சுற்றுலாத் துறை, புதுச்சேரி அரசு.

முதலில் பாராட்டு. மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 வரை கடற்கரைச் சாலையில் வண்டி ஓடக் கூடாது என்ற ஏற்பாடு இந்த ஊரின் பெருமை. காந்தி சிலைக்கு இரு பக்கமும் பிள்ளைகள் கையை உதறிக்கொண்டு ஓடலாம்; பின்னாலேயே அம்மா கத்திக்கொண்டு ஓட வேண்டியதில்லை. செலவு என்று பார்த்தால் சில இரும்புத் தடுப்புகளும் அவற்றை நகர்த்த ஓரிரு காவலர்களும்தான். குறை ஒன்றே ஒன்று. அந்தச் சாலை பிள்ளைகளுக்குத் தோதாக மாறுகிற நேரத்தில், மே மாத விடுமுறைக்கு அவர்களை அழைத்து வந்த குடும்பங்கள் திரும்பிப் போகப் பஸ் பிடித்துக்கொண்டிருக்கும்.

விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் புளிசாதம் கட்டிக்கொண்டு கிளம்புகிற குடும்பம் அறை எடுத்துத் தங்குவதில்லை. காலை பத்துக்கு இறங்கி, இருட்டுவதற்குள் ஏற வேண்டும். அவர்களுக்குப் புதுச்சேரி என்பது உச்சிவெயில் புதுச்சேரி. அந்த நேரத்தில் ஊர் என்ன செய்கிறது? தூங்குகிறது. மணக்குள விநாயகர் மதியம் நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் கண் திறப்பார். அரவிந்தர் ஆசிரமம் பன்னிரண்டு முதல் இரண்டு வரை மூடியிருக்கும். திறந்தாலும் மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு இடமில்லை. (அது நியாயம். தியானமும் மூன்று வயதும் ஒரே கூரையின் கீழ் இருக்க முடியாது.) கடைகளில் பல, பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன பகல் தூக்கத்தை இன்னும் விடவில்லை. கடற்கரைக்குப் போனால் பாறைகள். 1980களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் கட்டினோம். வடக்கே போக வேண்டிய மணல் தடைப்பட்டு, ஊர் மணலை இழந்தது. மணல் இல்லாத கடற்கரையில் ஐந்து வயதுப் பிள்ளைக்கு என்ன வேலை?

ஆகவே ஒரு யோசனை. புதுச்சேரிக்குள் குழந்தைகள் நுழைய மாலை 6 மணிக்கு முன் தடை என்று அரசாணை போட்டுவிடலாம். எல்லை விளக்குக் கம்பத்தில் ஒரு பலகை மாட்டினால் போதும். நடைமுறையில் இருப்பதைத்தானே எழுதப் போகிறோம்? நிர்வாகம் வெளிப்படையாக இருப்பது நல்லது. தடை கடுமையாகத் தெரிந்தால், பத்து வயதுக்குட்பட்ட எல்லோரையும் ‘வார இறுதிப் பயணி’ என்று அறிவித்துவிடுங்கள். பெங்களூரு காருக்குக் கிடைக்கும் கவனிப்பில் பாதி கிடைத்தாலும் பிள்ளைகள் பிழைத்துக்கொள்வார்கள்.

உங்கள் பதில் என்னவாக இருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. சுண்ணாம்பாறு படகுத் துறை இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது, நல்ல இடம்தான். ஆனால் ஊருக்கு வெளியே, கடலூர் சாலையில். மீட்டர் போடாத ஆட்டோவில் போய், தலைக்கு ஒரு சீட்டு வாங்கி, வெயிலில் வரிசையில் நிற்க வேண்டும். அது வசதியுள்ள குடும்பத்தின் பொழுது. 1826-இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவைக் காட்டுவீர்கள். அங்கே மரம் உண்டு, நிழல் உண்டு. ஆனால் ஒரு முழுப் பகலை ஒரே பூங்காவில் கட்டிப்போட எந்தப் பிள்ளை சம்மதிக்கும்? மே மாத நடுப்பகலில் குழந்தையோடு வெளியே வருவதே தவறு என்று பெற்றோர் மேல் பழியைப் போடலாம். பள்ளி விடுமுறையை மே மாதத்தில் வைத்தது பெற்றோர் அல்ல.

பணமில்லை என்பது கடைசி அம்பு. குழந்தைகளால் கலால் துறைக்கு வருமானம் வர இன்னும் பல ஆண்டுகள் ஆகும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இழந்த மணலில் கொஞ்சத்தையாவது மீட்கத் தலைமைச் செயலகம் பக்கம் கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்தவர்களுக்கு, ஒரு கூரைப் பந்தல் போடுவதா பெரிய காரியம்? நான் கேட்பதில் பெரும்பகுதி ஏற்கெனவே கட்டி முடிக்கப்பட்டிருக்கிறது. பாரதி பூங்காவைச் சுற்றிப் பாருங்கள். அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டு மணிகளும், பின்னாலிருந்து ஆள் தள்ளிச் செல்லும் அந்தக் காலத்துப் புஸ் வண்டியும் இருக்கின்றன. பிள்ளைகள் அதை விட்டு நகர மாட்டார்கள். 1827-இல் தோன்றிய ரோமன் ரோலண்ட் நூலகம் எட்டும் தூரத்தில். சட்டமன்றமும் அதே சதுக்கத்தில்தான், எனவே பார்வையில் படவில்லை என்று சொல்ல வழியில்லை. விடுமுறை முடியும்வரை அருங்காட்சியகத்தையும் நூலகத்தையும் திங்கட்கிழமை உட்பட இடைவேளையில்லாமல் திறந்துவைத்தால், உச்சிவெயிலுக்கு ஒரு கூரை கிடைத்துவிடும்.

பூங்காவின் நடுவில் நிற்கும் ஆயி மண்டபத்தைப் புதுச்சேரியின் அடையாளமாக அரசே காட்டுகிறது. தன் மாளிகையை இடித்துக் குளம் வெட்டியதாகச் சொல்லப்படும் ஒரு தாசியின் பெயரால், முத்திரையர்பாளையத்திலிருந்து ஊருக்குத் தண்ணீர் வந்ததன் நினைவாக, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுந்தது அது. குடிதண்ணீருக்கே கோயில்போல மண்டபம் கட்டிய ஊரில், தாகமெடுத்த பிள்ளைக்குப் பாட்டில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலை யாருக்கும் உறுத்தவில்லை. கழிப்பறை நிலவரம் இதைவிட மோசம். பெரியவர்கள் அடக்கிக்கொள்வார்கள், மூன்று வயது அடக்காது.

இதையெல்லாம் நகராட்சியிடம் கேள் என்று தள்ளிவிடாதீர்கள். 1968-க்குப் பிறகு 2006-இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் வந்தவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. அன்று முதல் கதவைத் தட்டக் கவுன்சிலர் இல்லை. அதனால்தான் கடிதம் உங்களுக்கு.

தடை ஆணை வேண்டாமென்றால் இந்த மே மாதமே மூன்று காரியம் செய்யுங்கள்: அருங்காட்சியகத்தையும் நூலகத்தையும் நாள் முழுதும் திறந்துவையுங்கள், கடற்கரைச் சாலையில் சில பந்தல் போடுங்கள், தண்ணீர் எங்கே, கழிப்பறை எங்கே, நிழல் எங்கே என்று பேருந்து நிலையத்தில் ஒரு பலகை வையுங்கள். தெருப் பெயர்களைப்போல நீலத்தில் பிரெஞ்சும் தமிழுமாக எழுதினாலும் ஆட்சேபமில்லை, அம்புக்குறி மட்டும் சரியான பக்கம் காட்டட்டும்.