பயிற்சிக்குப் போகாதவர்

அரியலூர் மாவட்டம் ரெட்டிபாளையத்தில் மண்ணைத் தோண்டினால் சுண்ணாம்புக்கல், நிமிர்ந்தால் சிமென்ட் ஆலை. ஆனாலும் அங்கே அரசுக் காசில் ஒரு சிறுபாலம் எழும்ப வேண்டுமென்றால், சிமென்டுக்கு முன்னால் காகிதம் வர வேண்டும்: மதிப்பீடு, நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், பிறகு டெண்டர்.

தமிழ்நாட்டின் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் வந்தது, விதிகள் 2000-இல். 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்கு டெண்டர் போட 15 நாள் அவகாசம், மேலே போனால் 30 நாள். குறைப்பதென்றால் மேலதிகாரி காரணம் எழுத வேண்டும். ‘அவசர அவசியம் கருதி’ என்று எழுதுவதற்கு மட்டும் யாருக்கும் பயிற்சி தேவைப்பட்டதில்லை.

மற்றதற்கெல்லாம் பயிற்சி உண்டு. யாரை அனுப்புவது என்பதில்தான் சூட்சுமம். டெண்டர் சீட்டில் இருப்பவரை அனுப்பினால் செக்‌ஷன் படுத்துவிடும். ஆகவே ‘இவர் இல்லாவிட்டாலும் ஓடும்’ என்று மேலாளர் நம்புகிறவர் பெட்டி கட்டுகிறார். தொழில்நுட்ப உறையை முதலில் பிரி, விலை உறையைப் பிறகு பிரி என்று படித்து, சான்றிதழோடு திரும்பி, பிறப்பு இறப்புப் பதிவேட்டின் முன் உட்காருகிறார். டெண்டர் சீட்டுக்காரரோ போன வருடக் கோப்பை எடுத்து, தேதியை மட்டும் திருத்துகிறார். சில சமயம் அதையும் மறந்துவிடுகிறார்.

மறந்தால் மறு டெண்டர்தான். ஆனால் அதற்கு இந்தப் பக்கத்தில் யாரும் பதறுவதில்லை. அரியலூர் மாவட்டமே 2001-இல் பிறந்து, 2002-இல் ரத்தாகி, 2007-இல் மறுபடி வந்ததுதானே!