மாட்டிறைச்சிக்கு மானநஷ்டம்

1996 ஏப்ரல் 16 அன்று, அமெரிக்கத் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரே தன் டிவி நிகழ்ச்சியில் ஒரு மகாபாதகம் செய்தார். இனி பர்கரைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் ஹோவார்டு லைமன். மொன்டானாவில் நான்கு தலைமுறையாகப் பண்ணை நடத்திய குடும்பத்து ஆள். பிறகு பண்ணையை விட்டு, கறியை விட்டு, பாலையும் விட்டு வீகன் ஆனவர். செத்த மாட்டை அரைத்துத் தூளாக்கி, உயிரோடு இருக்கிற மாட்டுக்கே தீவனமாகப் போடுகிறோம் என்றார் அவர். அந்தத் தீவனத்தால் பரவும் மாட்டுப் பைத்திய நோய் மனிதர்களுக்கும் வந்திருக்கலாம் என்று பிரிட்டன் அரசாங்கமே ஒப்புக்கொண்டு அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. கேட்ட ஓப்ராவுக்குக் குமட்டியது. குமட்டியதை மறைக்காமல் சொன்னார்.

சந்தையில் மாட்டு விலை சரிந்தது. டெக்சஸ் மாட்டுப் பண்ணை முதலாளிகள் 1 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று கோர்ட்டுக்கு ஓடினார்கள். கையில் ஆயுதம் தயாராக இருந்தது. கெட்டுப்போகக்கூடிய உணவுப் பொருளைப் பற்றித் தெரிந்தே பொய் சொல்லிப் பெயரைக் கெடுத்தால் வழக்குப் போடலாம் என்று 1995இல் டெக்சஸில் சட்டம் போட்டிருந்தார்கள். இப்படி அமெரிக்காவில் 13 மாநிலங்கள். 1989இல் ஆப்பிளில் தெளிக்கும் ஒரு ரசாயனத்தைப் பற்றி டிவியில் செய்தி வந்து, தோட்டக்காரர்கள் வழக்குப் போட்டுத் தோற்றதிலிருந்து பிறந்த ஞானம் இது. பேச்சுரிமையை அரசியல் சாசனத்தின் முதல் திருத்தமாகவே எழுதி வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற நாட்டில், முட்டைக்கோசுக்கு மானம் உண்டு, கத்தரிக்காய்க்குக் கௌரவம் உண்டு. பார்த்துப் பேச வேண்டும்.

1998 ஜனவரியில் அமரில்லோ நகரத்தில் விசாரணை. ஊரெல்லாம் கார்களின் பின்னால் ஸ்டிக்கர்: அமெரிக்காவில் இருக்கிற ஒரே பைத்தியக்கார மாடு ஓப்ராதான் என்று. ஒரு கறுப்பினப் பெண்ணை மாடு என்று எழுதி ஒட்டிக்கொண்டு வீதி வீதியாகச் சுற்றிய கனவான்கள் மீது கேஸ் உண்டா? கிடையாது. அது நகைச்சுவை, அது சுதந்திரம், அது அமெரிக்கா. மனுஷியை மாடு என்றால் பேச்சுரிமை; மாட்டைப் பற்றிப் பேசினால் அவதூறு! போதாக்குறைக்கு, விசாரணை முடியும்வரை வழக்கைப் பற்றி வெளியே மூச்சு விடக்கூடாது என்று நீதிபதி ஓப்ராவுக்கு வாய்ப்பூட்டும் போட்டார்.

இதில் வயிறு எரிவது எங்கே என்றால், மாட்டை மாட்டுக்குத் தீவனமாகப் போடக்கூடாது என்று அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகமே 1997 ஆகஸ்டில் தடை போட்டுவிட்டது. விசாரணை தொடங்கியது அதற்கு ஐந்து மாதம் கழித்து. எந்தப் பழக்கத்தை அரசாங்கமே ஆபத்து என்று நிறுத்தியதோ, அதை ஆபத்து என்று முன்கூட்டியே சொன்ன குற்றத்துக்காக லைமன் கூண்டில் உட்கார்ந்திருந்தார். பிப்ரவரி 26 அன்று ஜூரி ஓப்ராவையும் லைமனையும் விடுவித்தது. ஓப்ராவிடம் வக்கீல் வைக்கப் பணம் இருந்தது. இல்லாத ஒருவன் இந்தச் செய்தியைப் படித்துவிட்டு என்ன செய்வான்? வாயை மூடிக்கொள்வான். வழக்கின் பலன் தீர்ப்பில் இல்லை, அங்கேதான்.

பேசினால் வழக்கு என்பதில் தோற்றவர்கள், பார்த்தாலே குற்றம் என்ற இடத்துக்கு வந்தார்கள். 2013 பிப்ரவரி, யூட்டா மாநிலத்தின் டிரேப்பர். ஓர் இளம்பெண் பொதுச் சாலையில் நின்றபடி ஒரு கசாப்புக்கூடத்தை மொபைலில் படமெடுத்தார். நடக்க முடியாத மாடு ஒன்றை, உயிர் இருக்கும்போதே, இடிபாட்டுக் குப்பையை அள்ளுவதுபோல டிராக்டரில் அள்ளிக்கொண்டு போனார்கள். போலீஸ் வந்தது. மாட்டை அள்ளியவர்களுக்காக அல்ல, படமெடுத்தவருக்காக. படமெடுப்பதற்கு எதிராக 2012இல் போட்ட புத்தம்புதுச் சட்டத்தில் முதல் வழக்கு அவர்மீதுதான். கசாப்புக்கூடத்தில் பங்குதாரர் யார் தெரியுமா? அந்த ஊர் மேயர். பத்திரிகையில் செய்தி வந்து நாறியதும் வழக்கு வாபஸ்.

அடுத்தது ஐடஹோ. அங்கே ஒரு பால் பண்ணையில் மாடுகளை அடித்து நொறுக்கும் காட்சி 2012இல் வெளியானது. ஆத்திரப்பட்ட சட்டமன்றம் 2014இல் கடும் நடவடிக்கை எடுத்தது, கேமராவின் மேல். மாட்டை வதைத்து முதல்முறை பிடிபட்டால் அதிகபட்சம் ஆறு மாதம். வதைப்பதை அனுமதியில்லாமல் படமெடுத்தால் ஒரு வருடம். மடியில் கனம் இருப்பவனுக்கு வழியில் பயம் இருப்பது இயற்கைதான். ஆனால் வழியையே மூடச் சொல்லிச் சட்டம் எழுதிக்கொள்ளும் பாக்கியம் எல்லாத் திருடருக்கும் வாய்ப்பதில்லை. பால் பண்ணையாளர் சங்கத்துக்கு வாய்த்தது. மசோதாவை எழுதிக் கொடுத்ததே அவர்கள்தான். 2015இல் அதை ரத்து செய்த நீதிபதி, சிகாகோ இறைச்சிக் கூடங்களுக்குள் ஆள் தெரியாமல் புகுந்து பார்த்து நாவல் எழுதிய அப்டன் சின்க்ளேரை நினைவுபடுத்தினார். அந்த நாவலால்தான் 1906இல் அமெரிக்காவுக்கு இறைச்சிப் பரிசோதனைச் சட்டமே வந்தது. அந்தச் சட்டப்படி ஐடஹோவில் அவர் குற்றவாளியாகியிருப்பார்.

இப்போது பிரிட்டனுக்கு வருவோம். 2018 அக்டோபரில் ஒரு பெண் பத்திரிகையாளர், வீகன் சமையல் பற்றித் தொடர் எழுதட்டுமா என்று வெயிட்ரோஸ் சூப்பர்மார்க்கெட்டின் உணவுப் பத்திரிகைக்குக் கேட்டு எழுதினார். வீகன்களை ஒவ்வொருவராகக் கொல்வது பற்றி ஒரு தொடர் போடலாமே, பொறி வைத்துப் பிடிப்பது எப்படி, வாயில் கறியைத் திணிப்பது எப்படி என்ற பாணியில் பதில் போட்டார் ஆசிரியர் வில்லியம் சிட்வெல். விஷயம் வெளியே வந்து ராஜினாமா செய்தார். உடனே ஒப்பாரி: ஜோக் அடிக்கக்கூட உரிமையில்லையா, கருத்துச் சுதந்திரம் செத்துவிட்டதா! ஒரு மட்டமான ஈமெயிலுக்காக ஒருவர் வேலையை இழக்க வேண்டியதில்லை என்றுதான் நானும் சொல்வேன். அவரும் ஒன்றும் தெருவில் நிற்கவில்லை. ஒரு பெரிய நாளிதழில் ஓட்டல் விமர்சகராகப் போய் உட்கார்ந்தார். என் கேள்வி ஒப்பாரி வைத்தவர்களிடம்: டிரேப்பர் சாலையோரத்தில் அந்தப் பெண்ணைப் போலீஸ் விசாரித்தபோது உங்கள் தொண்டைக்கு என்ன ஆயிற்று?

வீகன்களில் சிலருக்கும் இந்த மேளத்துக்குத் தாளம் போடாமல் இருக்க முடியவில்லை. அதே 2018இல் பிரான்சில் கசாப்புக் கடைக் கண்ணாடிகளை உடைத்தார்கள், போலி ரத்தத்தை ஊற்றினார்கள். காலை ஐந்து மணிக்குக் கடை திறந்து கால்கடுக்க நிற்கும் சின்னக் கடைக்காரர்தான் இவர்களுக்கு ஏகாதிபத்தியம். கல்லெறிவது கருத்து அல்ல. தீவனக் கம்பெனிகளும் சட்டமன்றக் கனவான்களும் கேட்டு வாங்கியிருந்தால்கூட இவ்வளவு நல்ல சாக்கு கிடைத்திருக்காது.

(நம்மூரில் தட்டை எட்டிப் பார்த்து மிரட்டுகிற கோஷ்டி நேர் எதிர்த்திசைக் கோஷ்டி. அவர்கள் கதைக்குத் தனியாகக் காகிதம் வேண்டும்.)

அமெரிக்காவில் பன்றி வளர்ப்பில் முதலிடம் அயோவாவுக்கு. அங்கேயும் இதே பாணியில் 2012இல் போட்ட சட்டம் பேச்சுரிமைக்கு விரோதம் என்று 2019 ஜனவரியில் நீதிமன்றம் தூக்கி எறிந்தது. மார்ச் மாதமே புதுச் சட்டம். 2020இல் இன்னொன்று. 2021இல் நான்காவது, அத்துமீறி நுழைந்தவன் கையில் கேமராவும் இருந்தால் தனிக்குற்றம் என்று. நாக்குக்கும் கண்ணுக்கும் பூட்டுப் போட்டாகிவிட்டது. ஐந்தாவதுக்கு இனி மூக்குதான் மிச்சம்: பண்ணைப் பக்கம் போகும்போது நாற்றம் வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டால் எத்தனை மாதம் என்று எழுதிவிடலாம்.