வீணைக்கும் ஓர் ஆசனம்

கேள்வி: கச்சேரிக்காக விமானத்தில் போகிறேன். வீணைக்கும் டிக்கெட் எடுக்க வேண்டுமா?
– ஒரு வாசகி, மாயவரம்

பதில்: எடுத்துவிடுவதே உத்தமம், அம்மணி. சுரைக்காயைக் கழற்றலாம், தந்திகளைத் தளர்த்தலாம். ஆனால் ஒரே பலா மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணையை மடிக்கும் வித்தை இன்னும் பிறக்கவில்லை. அதன் 24 மெட்டுக்களும் மெழுகில் பதிந்து நிற்பவையாதலால், விமான நிலையத்து வெயிலில் சாமான் வண்டியின்மேல் காத்துக் கிடந்து அம்மெழுகு இளகி, ஒரு மெட்டு மயிரிழை நகர்ந்தாலும், அன்றைய காந்தாரத்துக்கு யார் ஜவாப் சொல்வது?

செல்லோ வித்வான் லின் ஹாரெல் என்பார், தம் வாத்தியத்துக்கும் முழுக் கட்டணம் செலுத்தி வந்தபடியால், நியாயமாகவே அதன் பெயரிலும் பிரயாண மைல் கணக்கொன்றைத் தொடங்கியிருந்தார். 2012-இல் விமானக் கம்பெனியார் அவர் கணக்கையும் செல்லோவின் கணக்கையும் சேர்த்தே ரத்து செய்துவிட்டார்கள். குறட்டை விடாத பிரயாணிக்கு இவ்வளவுதான் மரியாதை!

ஆகவே மைல் ஆசையை விட்டு, ஜன்னலோர ஆசனமாகக் கேட்டு வாங்குங்கள். மற்றவர் எழுந்து போக வழி மறிக்கக் கூடாதல்லவா? பெல்ட்டை இறுக்கியபின், வீணையின் பங்குச் சாப்பாட்டையும் கேட்டுப் பாருங்கள். கொடுத்தால் எனக்கு எழுதுங்கள்.