பர்கரா, தோசையா?

கேள்வி: பெங்களூரில் வேலை பார்க்கும் மகன், "வாங்கப்பா, பர்கர் வாங்கித் தர்றேன்" என்கிறான். என் வயசுக்கு ஏற்ற பழைய கடை எதுவும் அங்கே இல்லையா?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: உங்களுக்கே அண்ணன் முறை ஆகும் கடை இருக்கிறது! பசவனகுடி காந்தி பஜாரில் 'வித்யார்த்தி பவன்', 1943-ல் ஆரம்பித்தது. அன்று சாப்பிட்ட மாணவர்களின் பேரன்கள் இன்று வாசலில் காத்திருக்கிறார்கள். உள்ளே போனால், உள்ளங்கையிலிருந்து தோள்வரை தட்டுகளை அடுக்கிக்கொண்டு வேட்டி கட்டிய சர்வர் வருவார். சர்க்கஸுக்குத் தனி டிக்கெட் கிடையாது. மசால் தோசை கொஞ்சம் தடிமன். வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு, விரலெல்லாம் நெய்.

1995-ல் பிரிகேட் ரோட்டில் நாட்டின் முதல் கேஎஃப்சி வந்தபோது, விவசாயிகள் எதிர்ப்பால் போலீஸ் காவல் போட வேண்டியிருந்தது. தோசைக்கு அந்தப் பயமே இல்லை. கூட்டத்தைச் சமாளிக்கத்தான் ஆள் வேண்டும். வெள்ளிக்கிழமை மட்டும் போய்விடாதீர்கள், விடுமுறை. அன்றைக்கு லால்பாக் பக்கம் 1924-ல் தொடங்கிய எம்.டி.ஆர். இருக்கிறது, போர்க்கால அரிசித் தட்டுப்பாட்டில் ரவா இட்லி கண்ட கடை. பர்கர் பில்லை மகன் கட்டட்டும். தோசை பில்லை நீங்களே கட்டிவிடலாம், பென்ஷன் தாங்கும்!