தானாக வந்த நாய்களும் தேடிப் போய் அழைத்து வந்த நாயும்

எழுபதுகளில் பினாங்கில் நாய் வளர்க்க யாரும் மனுப் போட்டதில்லை. டத்தோ கெராமாட் பக்கம் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு நாய் தானாகவே வந்து சேரும். ஒரு மழை நாளில் அஞ்சடி நடைபாதையில் வந்து ஒதுங்கும். யாராவது மீன் முள்ளோடு பழைய சோற்றைப் பிசைந்து ஒரு தகரத் தட்டில் வைப்பார்கள். மறுநாளும் அது அங்கேயே படுத்திருந்தால் அந்த வீட்டு நாய் என்று ஊர் முடிவு செய்துவிடும். கறுப்பு என்றால் பிளாக்கி, உடம்பில் வரி இருந்தால் டைகர், மற்றதெல்லாம் மணி. அதற்கு மேல் ஒரு விசாரணையும் கிடையாது.

இப்போது எங்களோடு இருக்கும் மல்லி என்ற நாயைக் காப்பகத்திலிருந்து அழைத்து வருவதற்கு முன் நான் நிரப்பிய படிவத்தில் கேள்விகள் வரிசையாக இருந்தன. வீடு சொந்தமா, வாடகையா? வாடகை என்றால் வீட்டுக்காரர் சம்மதித்தாரா? வேலி எவ்வளவு உயரம்? பகலில் யார் வீட்டில் இருப்பார்கள்? வெளியூர் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள்? வாசல் கேட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். கம்பிகளுக்கு இடையே நாய் நுழைந்து போகுமா என்று பார்ப்பதற்காம். கடைசிக் கேள்வி இது: முன்பு வளர்த்த நாய் என்ன ஆயிற்று?

அந்தக் கேள்விக்கு என் தலைமுறையில் பலரால் நேராகப் பதில் எழுத முடியாது. அந்தக் காலத்து நாய்கள் முதுமையால் இறந்ததாக எனக்கு நினைவே இல்லை. லாரியில் அடிபட்டன, எதையோ தின்று நுரை தள்ளின, அல்லது ஒருநாள் காணாமல் போயின. நாய் பிடிக்கும் வண்டி வருகிறது என்றால் சைக்கிளில் பையன்கள் முன்னே பறந்து வந்து கத்துவார்கள். கம்பிச் சுருக்கோடு ஆட்கள் இறங்குவதற்குள் பெண்கள் தங்கள் வீட்டு நாயைக் குளியலறைக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போடுவார்கள். வளர்ந்த நாய் தப்பிவிடும். பொட்டை நாய் போட்ட குட்டிகளைத்தான் ஒளிக்க முடியாது. அவற்றில் சில அதற்கு முன்பே அட்டைப் பெட்டியில் மார்க்கெட் வாசலுக்கோ கோயில் மதிலோரத்துக்கோ போயிருக்கும். யாராவது எடுத்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில் வைத்தவைதான். பைரவரின் வாகனம் என்று கையெடுத்துக் கும்பிட்ட அதே ஊர்தான் அது. ஒரு பொட்டை நாய் அறுபத்து மூன்று நாளில் ஈன்றுவிடும், ஆண்டுக்கு இரண்டு முறைகூட ஈனும். அந்தப் பெட்டிகளுக்கு முடிவே இருக்காது என்று அப்போது யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

நாய் வண்டிக்குப் பின்னால் இருந்த பயமும் பொய்யில்லை. வெறிநாய்க்கடி நோய் மனிதரைத் தாக்கி அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய முடியாத காரியம். உலகில் இன்றும் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் அதில் இறக்கிறார்கள். தாய்லாந்தை ஒட்டிய வட மாநிலங்களில் நாய்களுக்குத் தடுப்பூசி போட்டு ஒரு தடுப்பு வளையத்தை ஐம்பதுகளிலேயே மலாயா அமைத்தது. அந்த வளையத்தைத் தாண்டி 2015இல் பெர்லிஸ், கெடா மாநிலங்களில் நோய் தென்பட்டது. செப்டம்பரில் பினாங்கிலும் உறுதியானது. தெருநாய்களை அழிக்க மாநில அரசு உத்தரவிட்டது. விலங்கு நல அமைப்புகள் கொதித்தெழுந்தன. கொல்வதால் நோய் நிற்காது, நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டால்தான் அது பரவுவது அறுபடும் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கை அவர்கள் திரும்பத் திரும்ப எடுத்துச் சொன்னார்கள். அந்த நாள்களில் தெருநாய்களைத் தங்கள் வீட்டுக்குள் ஒளித்து வைத்தவர்களை எனக்குத் தெரியும். குளியலறைத் தாழ்ப்பாள் மறுபடியும் பயன்பட்டது. ஆனால் இந்த முறை அதோடு நிற்கவில்லை. ஒளித்த நாயை மிருக டாக்டரிடம் கொண்டுபோய் ஊசி போட்டார்கள், கருத்தடை செய்தார்கள், உரிமம் எடுத்தார்கள்.

இந்த வழியைக் காட்டியதில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு. 1959இல் கேப்டன் வி. சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் விலங்கு நல அமைப்பு, தெருநாய்களைக் கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடைத் திட்டத்தை 1964இலேயே முன்வைத்தது. சென்னை மாநகராட்சி அதை ஏற்றது 1996இல். 2025 ஆகஸ்டில் டெல்லித் தெருநாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன இந்திய உச்ச நீதிமன்றம், அதே மாதத்திலேயே தன் உத்தரவைத் திருத்தியது. ஊசி போட்டு, கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே விடலாம் என்றது. வெறி பிடித்தவையும் மூர்க்கமானவையும் மட்டும் விலக்கு.

மல்லியின் இடது காது நுனியில் ஒரு சின்ன வெட்டு இருக்கிறது. கருத்தடை ஆன தெருநாய்க்கு வைக்கும் அடையாளம் அது. செம்மண் நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒன்று மடிந்தும் இருக்கும். எந்த ஜாதியோடு எது கலந்ததோ, கேட்டால் யாருக்கும் தெரியாது. காப்பகத்தில் மற்ற நாய்களெல்லாம் கம்பி வலையில் காலை வைத்து எகிறின. இவள் பின் மூலையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பார்க்க வந்தவர்கள் அந்தக் கூண்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

“ஆன்ட்டி, இவ கடிக்க மாட்டா. பயம், அவ்வளவுதான்,” என்றாள் அங்கே தொண்டு செய்யும் பெண். “நீங்க அவளப் பாக்காதீங்க. பக்கவாட்டுல திரும்பி சும்மா உக்காருங்க. அவளா வரட்டும்.”

இந்த பயத்தை நாயின் குணக்கேடு என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். யாரோ அடித்திருப்பார்கள் என்று பரிதாபப்படுபவர்களும் உண்டு. பெரும்பாலும் இரண்டுமே இல்லை. அமெரிக்காவில் 1961இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. வேலி போட்ட வெளியில் மனிதரோடு பழகவிடாமல் குட்டிகளை வளர்த்தார்கள். சிலவற்றை வெவ்வேறு வயதில் ஒரு வாரம் மட்டும் எடுத்துக் கொஞ்சினார்கள். ஐந்து முதல் ஏழு வார வயதில் பழகியவை மனிதரோடு நன்றாக ஒட்டிக்கொண்டன. பதினான்கு வாரம் வரை தொடாமல் விடப்பட்டவை காட்டு விலங்குபோல் விலகியே நின்றன. நாய்க்குட்டியின் மனக்கதவு மூன்றாம் வாரம் திறந்து மூன்றரை மாதத்துக்குள் ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. சாக்கடையோரம் பிறந்த குட்டிக்கு அந்த வாரங்களில் அன்பான ஒரு கை கிடைக்கவில்லை. அடி வாங்கியிருக்க வேண்டும் என்பதில்லை, யாரும் தொடாமலே இருந்தாலும் போதும்.

வந்த புதிதில் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால்தான் அவள் குடித்தனம். எல்லோரும் படுத்த பிறகுதான் சாப்பிடுவாள். விளக்குமாறு, விரிக்கும் குடை, தலைக்கவசம் மாட்டியவர் என எதைக் கண்டாலும் வயிறு தரையில் பட ஊர்ந்து போய் ஒளிவாள். கொட்டாவி விடுவதும் உதட்டை நக்குவதும் தூக்கத்தாலோ பசியாலோ அல்ல, பதற்றத்தால் என்பதை அவளிடம்தான் கண்ணால் பார்த்தேன். உள்ளங்கையில் வேகவைத்த கோழிக்கறியை வைத்து நீட்டினால், முன்னங்கால் இரண்டும் என் பக்கம் வரும். பின்னங்கால்கள் பின்னால் நீண்டு, நகம் தரையைப் பிடித்து, ஓடத் தயாராக நிற்கும். கழுத்து மட்டும் நீண்டு நுனி உதட்டால் கறியை எடுக்கும். என் விரலில் அவள் பல் ஒருநாளும் பட்டதில்லை.

அம்மா எழுபதுகளில் நாயை வாசற்படி தாண்ட விட்டதில்லை. “நாய் உள்ள வந்தா லெட்சுமி வெளிய போயிடுவா” என்பார். தட்டில் சோறு வைப்பதும் அவரேதான். இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார், முட்டி வலி, நாற்காலியை விட்டு அதிகம் எழுவதில்லை. காலையில் ‘மக்கள் ஓசை’ நாளிதழைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு வாய்விட்டுப் படிப்பார். மரண அறிவித்தல் வரை விடமாட்டார். அந்த ஒரே சீரான குரலுக்குத்தான் மல்லி முதலில் வெளியே வந்தாள். கதவு நிலைவரை, பிறகு மேசைவரை, பிறகு அம்மாவின் நாற்காலி அடிவரை. அம்மா அவளைக் கூப்பிடவே இல்லை. அதுதான் மருந்து என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவின் மிசௌரியில் ஒரு காப்பகத்தில் கூச்ச நாய்களின் கூண்டுக்கு வெளியே குழந்தைகளை உட்கார வைத்துக் கதை படிக்கச் சொல்கிறார்கள். மூன்று நாளில் பதற்றம் தணியும், மூன்று வாரத்தில் வீட்டு வழக்கம் பிடிபடும், மூன்று மாதத்தில் வீடு தன்னுடையது என்று தோன்றும் என்பது மீட்பாளர்கள் சொல்லும் பொதுக் கணக்கு. மல்லி மாதிரி நாய்களுக்கு அது போதாது. அவசரப்படுகிறவர்களுக்கு இந்த நாய் ஆகாது.

பினாங்கில் பயந்த நாய்க்குப் பெரிய சோதனை சீனப் புத்தாண்டின் ஒன்பதாம் நாள். அந்த நாள் பிறக்கும் நள்ளிரவில் ஹொக்கியன் சீனர்கள் கரும்பு கட்டித் ‘தி கோங்’ என்னும் விண்ணரசருக்கு வழிபாடு செய்வார்கள். சியூ படகுத்துறைப் பக்கம் தொடங்கி ஊரே வெடியில் அதிரும். எங்கள் தீபாவளியும் சளைத்ததல்ல. அந்தக் காலத்தில் வெடிச் சத்தத்துக்கு ஓடிய நாய் திரும்பி வந்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை. இப்போது இருட்டுவதற்கு முன்பே அவளை வெளியே கூட்டிப் போய் வந்துவிடுகிறோம், கழுத்துப்பட்டையில் ஒரு கயிறும் மார்புக் கச்சையில் ஒரு கயிறுமாக. கூச்ச நாய் மிரண்டால் ஒரு பட்டையிலிருந்து நொடியில் உருவிக்கொண்டு போய்விடும். பிறகு ஜன்னலைச் சாத்தி, காற்றாடியைச் சுழலவிட்டு, மின்னல் எஃப்எம் வானொலியைச் சத்தமாக வைத்தால், அம்மாவின் கட்டிலடியில் இரவைத் தாண்டிவிடுவாள்.

பக்கத்து வீட்டு மலாய்க்கார ‘மக் சிக்’ அம்மாவிடம் முன்கூட்டியே பேசிவிட்டோம். நாயின் எச்சில் பட்டால் இஸ்லாமிய முறைப்படி அவர்கள் ஏழு முறை, அதில் ஒருமுறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும். அதனால் அவர் வீட்டுப் பக்கம் வலை அடித்திருக்கிறோம், அவர் வாசலைத் தாண்டி மல்லியைக் கூட்டிப் போவதில்லை. வெடி வெடித்த மறுநாள் காலையில் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து முதலில் விசாரிப்பவர் அவர்தான்: “பயந்துட்டாளா?”

நாங்கள் பிள்ளைகளாக இருந்தபோது, 1953ஆம் ஆண்டுச் சட்டப்படி, விலங்கை வதைத்தவருக்கு அபராதம் 200 மலேசிய வெள்ளிக்கு மேல் போகாது. 2017 ஜூலையில் நடப்புக்கு வந்த விலங்கு நலச் சட்டத்தில் குறைந்தபட்ச அபராதமே 20,000 வெள்ளி. ஒரு லட்சம் வரை போகலாம், மூன்றாண்டுச் சிறையும் உண்டு. சட்டம் வளர்ந்திருக்கிறது. அதற்கு ஈடாக வீடுகள் வளரவில்லை. தரை வீடுகள் குறைந்து, நாய்க்கு அனுமதி தராத அடுக்குமாடிகள் பெருகிவிட்டன. காப்பகங்களில் இடம் போதவில்லை. அங்கே ஓடி வந்து கையை நக்கும் குட்டிக்கு எப்படியும் ஒரு வீடு கிடைத்துவிடும். மூலையில் திரும்பிப் படுத்திருக்கும் வளர்ந்த நாய்க்குக் கிடைப்பது கடினம்.

அதனால் இதை நம்மவர்களைப் பார்த்துச் சொல்கிறேன். பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்ட, தரை வீட்டில் வயதானவர்கள் அமைதியாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஜெலுத்தோங்கிலும் ஆயர் ஈத்தாமிலும் நிறைய இருக்கின்றன. கூச்ச நாய்க்கு வேண்டியதெல்லாம் அந்த வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது: இரைச்சல் இல்லை, தினமும் ஒரே நேரத்தில் ஒரே வேலை, எங்கும் ஓடாத ஒரு மனிதர். போய்ப் பாருங்கள். கூட்டி வந்தால் தடுப்பூசி, கருத்தடை, உரிமம் மூன்றையும் தவறாமல் பாருங்கள். பாசம் எழுபதுகளிலும் நம்மிடம் குறையாமல் இருந்தது. தகரத் தட்டில் சோறு தவறியதே இல்லை. டைகருக்கும் பிளாக்கிக்கும் மணிக்கும் கிடைக்காமல் போனவை இந்த மூன்றும்தான்.